முள்ளுக்காட்டுக்கு ஏன் இத்தனை காவல்?

வாசகர் கேள்வி – பதில்

அரசுக் காடுகளைப் பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை இணைத்திருக்கிறோம்.

எங்கள் ஊர் ஓரத்தில் ‘காப்புக்காடு’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வேலமரம், கள்ளி, கல். இதைக் காவல் காப்பதை விட்டுவிட்டு நல்ல மரமாக நட்டால் என்ன?
– வாசகர், சத்தியமங்கலம்

நட்டால் இருப்பதும் போய்விடும். மழை மறைவுப் பகுதியில் மெல்லிய மண்ணின் மேல் தானாக அமைந்த காடு அது. உங்கள் பக்கத்து மாயாறு பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும். தூரத்தில் வருவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதன் ஓட்டம் பயன்படும். நெருக்கி மரம் வைத்த இடத்தில் அது தங்காது. கழுதைப்புலிக்கும் இந்த முள்ளுக்காடுதான் வீடு. ஓடைக்கரையில் ஓங்கி நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடு கட்டுகின்றன. ஒரு சோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அந்த ஒரு மரம் போனால் இன்னொன்று அந்த உயரம் வர எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாறுகள் நாடெங்கும் அழிந்ததற்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து ஊசி காரணம். ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். அதே கேட்டைச் செய்யும் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபன் ஆகியவற்றுக்கு 2023-ல்தான் தடை வந்தது. உங்கள் மாட்டுக்கு வலிமருந்து தேவைப்பட்டால் மெலாக்சிகாம் கேளுங்கள். முள்ளுக்காட்டுக்கு அண்டை வீட்டார் செய்யக்கூடிய உதவிகளில் கன்று நடுவதைவிட இது பெரிது.

நடவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே குழி வெட்டினால் புல்வேர் அறுபடும். கன்று முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கேட்கும், ஊற்ற ஆள் இருக்காது. தண்ணீர் இல்லாமலும் பிழைத்து எழுவது சீமைக் கருவேலம்தான். அது ஏற்கெனவே மாயாற்றுப் பக்கம் நிறைய ஏறிவிட்டது, யாரும் நட வேண்டியதில்லை.

முதுமலையில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு காட்டுத் துண்டு இருக்கிறதாமே? அப்படி என்ன அளக்கிறார்கள்?
– வாசகர், சென்னை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் குழுவினர் 1988-ல் தொடங்கியது அது. 1,000 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம். ஆக 50 ஹெக்டேர். அதை 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 கட்டங்கள். கட்டத்துக்குள் 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் கொடுத்து, இனம் குறித்து, இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாக வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்ப்பார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றின் சுற்றளவையும் அளப்பார்கள்.

முதல் கணக்கெடுப்பில் 25,000-க்கு மேற்பட்ட தண்டுகள், சுமார் 70 வகைகள். கருமருது, வெக்காலி, வெண்தேக்கு, தேக்கு ஆகிய நான்கும்தான் மேல்மட்டத்தை ஆள்கின்றன. இதே 50 ஹெக்டேர் அளவில் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் எண்ணியபோது 2,30,000-க்கு மேல் கிடைத்தது. முதுமலையில் அதில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். அதை ஏழைக்காடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோடையில் புல் பற்றி எரியும்போது தடித்த பட்டையுள்ள பெரிய மரம் தப்பிக்கும். விரல் பருமனுள்ளது தரையோடு கருகி, மழைக்குப் பிறகு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சின்னத் தண்டுகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதற்கு நெருப்பு ஒரு காரணம், யானை இன்னொரு காரணம். நெடுநார் மரத்தையும் வலம்புரியையும் யானை முறித்தும் உரித்தும் தின்னும். அந்த 50 ஹெக்டேருக்குள் நெடுநார் மரங்கள் சில ஆண்டுகளிலேயே மளமளவெனக் குறைந்ததை ஒவ்வொரு மரமாகப் பெயர்போட்டுக் காட்ட முடிந்தது. உண்ணிச்செடி (லன்டானா) என்ற களை கட்டம் கட்டமாகப் பரவியதும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது.

இத்தகைய வேலையை அரசுக் காட்டில்தான் செய்ய முடிகிறது. தனியார் நிலத்தில் பாகப்பிரிவினை வரும், விற்பனை வரும், மகன் காலத்தில் பாக்குத்தோட்டம் ஆகும். முப்பது ஆண்டுக்கு மேலாக ஒரே எண் தொங்கும் மரத்தை மறுபடி போய்த் தொட்டுப் பார்க்க, நிலம் ஒரே கையில் இருக்க வேண்டும். காப்புக்காட்டின் ஆராய்ச்சி மதிப்பில் முக்கால் பங்கு இந்தத் தொடர்ச்சிதான். உள்ளே என்ன மரம் நிற்கிறது என்பதெல்லாம் பிறகு.

கல்லூரி வளாகத்தை ஒட்டிய காட்டில் 1 ஹெக்டேர் கட்டம் போட நினைக்கிறோம். அளப்பதில் எங்கே தப்பு வரும்?
– தாவரவியல் ஆசிரியர், கோவை

தொடங்கும் இடத்திலேயே வரும். சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்து 20 மீட்டர் என்று குறிப்பார்கள். கட்டத்தின் பரப்பு கிடைமட்டக் கணக்கு. 20 பாகைச் சரிவில் 20 மீட்டருக்குத் தரையோடு 21.3 மீட்டர் இழுக்க வேண்டும். 30 பாகையில் 23.1 மீட்டர். இதைத் திருத்தாமல் விட்டால் உங்கள் ‘1 ஹெக்டேர்’ உண்மையில் 1 ஹெக்டேர் இருக்காது. மூலைக்கு மூலை இரும்புக் குழாயோ கல்லோ ஆழமாக நடுங்கள். மரக்கட்டையைக் கரையான் தின்றுவிடும். மேலே பெயின்ட் அடிப்பதோடு நிற்காமல், பக்கத்திலுள்ள இரண்டு பெரிய மரங்களிலிருந்து தூரமும் திசையும் எழுதி வையுங்கள். குழாயை யாராவது பழைய இரும்புக்குப் பிடுங்கிக்கொண்டு போனாலும் மூலையைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது, தண்டின் சுற்றளவை எந்த உயரத்தில் அளப்பது என்பது. இந்திய வனத்துறைப் பழக்கம் நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். உலக அளவிலான ஆராய்ச்சிக் கட்டங்களில் 1.30 மீட்டர். எதையாவது ஒன்றை எடுத்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முதல் ஆண்டு ஒருவர் 1.37-லும் மறு ஆண்டு வேறொருவர் 1.30-லும் அளந்தால் மரம் வளர்ந்ததா, நாடா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. 1.30 மீட்டரில் அளவுக்குச்சி ஒன்று வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். சாய்ந்த மரத்தில் தண்டோடு ஒட்டி அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முண்டு, கவை, பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே சீரான இடத்துக்குப் போய், எந்த உயரம் என்பதையும் எழுதுங்கள். அளந்த இடத்தில் மெல்லிய பெயின்ட் கோடு அவசியம். நாடாவுக்கு அடியில் கொடி மாட்டியிருக்கிறதா என்று பின்பக்கம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். மாணவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

எண் தகட்டுக்கு அலுமினியம் நல்லது. பிளாஸ்டிக் முதல் காட்டுத்தீயிலேயே உருகும். ஆணியை அளக்கும் கோட்டிலிருந்து 30 செ.மீ. மேலே அடியுங்கள். ஆணி அடித்த இடம் வீங்கும். கோட்டிலேயே அடித்தால் வீக்கத்தைத்தான் அளப்பீர்கள். இரண்டு மூன்று செ.மீ. ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். முழுக்க இறக்கினால் சில ஆண்டுகளில் பட்டை தகட்டை விழுங்கிவிடும். ஆணி தாங்காத சிறு தண்டுக்குத் தளர்வான கம்பி வளையம் போடலாம். இறுக்கினால் மரமே நெரிந்து போகும்.

இரண்டாம் முறை அளக்கும்போது சில மரங்கள் சுருங்கியிருக்கும். பதற வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். வெண்தேக்கு பட்டையை ஏடு ஏடாக உதிர்க்கும் மரம். உதிர்த்த வாரத்தில் அளந்தால் சுற்றளவு குறையத்தான் செய்யும். கோடையில் எல்லா மரமும் கொஞ்சம் வற்றும். அதனால்தான் எப்போதும் அதே மாதத்தில் அளக்கச் சொல்கிறோம். ஆனால் 62 செ.மீ. இருந்தது 26 என்று வந்தால் அது எழுத்துப்பிழை, போய்த் திரும்பப் பாருங்கள். மரத்தின் எடை விட்டத்தின் ஏறக்குறைய 2.5-ம் அடுக்கில் (விட்டம் இருமடங்கானால் எடை ஐந்து மடங்குக்கு மேல்) ஏறுவதால், சுற்றளவில் 5 விழுக்காடு தப்பினால் கரிமக் கணக்கு 13 விழுக்காடு தப்பும். கரிமச் சேமிப்பு பற்றி மேடையில் பேசுகிற பெரிய எண்களுக்கெல்லாம் அடியில் இந்த நாடாதான் இருக்கிறது.

அனுமதி வாங்கவே ஒரு வருடம் போய்விடுகிறது. எப்படி விண்ணப்பிப்பது?
– ஆய்வு மாணவர், மதுரை

தாமதத்தில் பாதி அலுவலகத்தால் வருவது, பாதி விண்ணப்பத்தால் வருவது. இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ம் பிரிவின்படி, ஆராய்ச்சிக்காக உள்ளே போக அனுமதி தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். அதற்கு வெளியே உள்ள காப்புக்காட்டிலும் அனுமதியின்றி நுழைவது குற்றம்தான். விண்ணப்பம் மேலே போய், மாவட்ட வன அலுவலரின் கருத்துக்குக் கீழே வந்து, அவர் வனச்சரகரைக் கேட்டு, மறுபடி மேலே ஏறும். எந்த இடம் என்று சரகரால் புரிந்துகொள்ள முடியாவிட்டால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். ‘ஆனைமலைப் பகுதியில் பூச்சிகள் ஆய்வு’ என்று எழுதினால் யார் என்ன கருத்துச் சொல்வது? சரகம், பீட் (சரகத்துக்குள் ஒரு காவலரின் பகுதி), காப்புக்காட்டின் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை, வரைபடம் எல்லாம் வேண்டும். எத்தனை பேர், எந்த மாதம், எத்தனை நாள், எந்த வண்டி, இரவில் தங்குவீர்களா, பொறி வைப்பீர்களா, எத்தனை பொறி, எத்தனை கிராம் மண், எத்தனை இலை என்று எண்ணோடு எழுதுங்கள். ‘தேவையான அளவு மாதிரிகள்’ என்ற தொடரைக் கண்டாலே கோப்பு திரும்பி வரும், அதில் அவர்கள்மேல் தப்பில்லை.

கீழே கிடந்த இறகு, முடி, எலும்புத் துண்டு எதையும் அனுமதியில் இல்லாமல் பையில் போடாதீர்கள். வன உயிரினச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கினுடையது என்றால் வைத்திருப்பதே வழக்காகும். அந்தச் சட்டம் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் அட்டவணை 1-ல் உள்ள விலங்கைப் பிடிக்கவோ கழுத்துப்பட்டை மாட்டவோ வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதியும் தேவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டாளி என்றால் 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. மாதிரியை அஞ்சலில் அனுப்பிவிட்டுப் பிறகு கேட்பது நடக்காத காரியம்.

அனுமதி வந்ததும் நேரே சரக அலுவலகத்துக்குப் போய் நகலைக் கொடுங்கள். உங்களோடு வரப்போகும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் வேலையை விளக்குங்கள். யானை எந்த ஓடையில் நிற்கிறது என்பது உத்தரவுத் தாளில் இருக்காது.

நீலகிரியில் சீகை (வாட்டில்) மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். மரத்தை வெட்டிப் புல்லை வளர்ப்பதா பாதுகாப்பு?
– வாசகர், கோத்தகிரி

மரம் என்றாலே நல்லது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. மேல்நீலகிரியின் இயல்பு, மலை மடிப்புகளில் சோலை என்ற அடர்ந்த குறுமரக்காடு, மேடுகளில் புல்வெளி. அந்தப் புல்வெளியைப் ‘பயனற்ற நிலம்’ என்று கணக்கில் எழுதித்தான் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், விறகுக்கும் கூழுக்கும் தைலமரமும் வைத்தார்கள். வரையாட்டுக்கு மேய்ச்சல் போனது.

ஆதியில் எல்லாம் சோலையாக இருந்து, மனிதன் எரித்ததால் புல்வெளி ஆனது என்று ஒரு கட்சி இருந்தது. அதற்குப் பதில் சேற்றிலிருந்து வந்தது. நீலகிரிப் பள்ளங்களில் மட்காத தாவரச் சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வெப்பப் பிரதேசப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறை வேறு. அதனால் அவற்றில் கரிமம்-13 என்ற கனமான வகையின் பங்கும் வேறுபடும். புல்லில் அது சற்றுக் கூடுதல், மரத்தில் குறைவு. சேற்றை அடுக்கு அடுக்காக அளந்து சுகுமாரும் மூன்று பேரும் 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுக்கு முந்திய உறைபனிக் காலத்தில் புல் ஓங்கியிருந்தது. பருவமழை வலுத்த சுமார் 9,000 ஆண்டுக்கு முன் மரவகைகள் பரவின. ஆகப் புல்வெளி மாடு மேய்த்தவர் உண்டாக்கியது அல்ல. சேறு நிறைந்த பள்ளத்தை வடித்து உருளைக்கிழங்கு போட்டிருந்தால் இந்தச் செய்தி அழிந்திருக்கும்.

ஆனாலும் ‘வெட்டு’ என்று ஒரே சொல்லில் முடிக்கக் கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கும். தீயோ வெயிலோ பட்டால் விழிக்கும். ஒரு சரிவை மொட்டையடித்துவிட்டு அடுத்த மழைக்குப் போய்ப் பாருங்கள், நாற்றங்கால் போல நெருக்கமாக முளைத்திருக்கும். வெட்டியபின் ஆண்டுக்கு ஆண்டு நாற்றைப் பிடுங்கப் பணமும் ஆளும் இல்லை என்றால் வெட்டாமல் இருப்பதே மேல். சோலையை ஒட்டிய பழைய சீகைத் தோப்பில் நிழலுக்கடியில் சோலை மரக்கன்றுகள் எழும் இடங்களும் உண்டு. அங்கே கோடாலி வேண்டாம். புல்வெளி ஓரத்தில் புதிதாக ஏறிவரும் இளஞ்சீகையைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். செலவு குறைவு, பலன் அதிகம்.

பிச்சாவரம் காடு ஒரு காலத்தில் அழிந்துகொண்டிருந்ததாகவும் வாய்க்கால் வெட்டிக் காப்பாற்றியதாகவும் சொல்கிறார்கள். மரத்துக்கு வாய்க்கால் எப்படி உதவும்?
– வாசகர், சிதம்பரம்

அரசுக் காட்டுப் பதிவேடு தன் முதலாளிக்கு எதிராகவே சாட்சி சொன்ன கதை இது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள இந்த அலையாத்திக் காட்டை ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970-கள் வரை கூப்பு முறையில் வெட்டினார்கள். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு கூப்பை முழுக்க வெட்டியபின் அடுத்ததற்குப் போவது. தானாகத் திரும்ப வளரும் என்பது கணக்கு. வளரவில்லை. சுற்றுவட்டார மக்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்கிறது என்று பழி சொன்னார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து பார்த்தபோது, மரம் செத்த திட்டுகளுக்கும் பழைய கூப்புகளுக்கும் இருந்த தொடர்பு வெளிப்பட்டது.

நடந்தது இதுதான். மரநிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. ஓரங்களில் மண் நிலையாக இருக்க, நடுப்பகுதி தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்ற அலையில் உள்ளே வந்த நீர் இறங்கும்போது வெளியேறவில்லை. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சியது. இப்படியே நாளுக்கு நாள் ஏறியது. அலையாத்திக்கும் உப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வெள்ளைத் தட்டில் கன்று நட்டால் எத்தனை முறை நட்டாலும் சாகும், நட்டவர்கள் பார்த்துவிட்டார்கள்.

எனவே கன்றைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தண்ணீரைச் சரிசெய்தார்கள். இயற்கை ஓடையிலிருந்து சாய்கோணத்தில் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சிறு கிளை வாய்க்கால்கள். மேலே அகலமும் அடியில் குறுகலுமாகச் சரித்து வெட்டினால் கரை சரியாது. ஏறும் அலை எல்லாக் கிளைக்கும் போய், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். வாய்க்கால் செங்குத்தாக ஓடையில் சேர்ந்தால் வாயில் மண் குவியும். உப்பு இறங்கிய பிறகு வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்றுகளை வாய்க்கால் சரிவின் நடுப்பகுதியில், ஏற்ற நீர் தொட்டுவிட்டு இறங்கும் மட்டத்தில் ஊன்றினார்கள். மிக மேலே ஊன்றினால் காயும், அடியில் ஊன்றினால் மூழ்கும். செலவு வெட்டுவதோடு முடிவதில்லை. கிளை வாய்க்கால்களில் சேறு படியும். தூர்வாரும் பணத்தைத் திட்டத்தில் எழுதாதவர்களுக்குச் சில ஆண்டில் பழைய தாம்பாளமே திரும்பக் கிடைக்கும்.

கூப்பு எங்கே, எப்போது என்ற பழைய வரைபடம் இல்லாவிட்டால் இன்றைக்கும் மாட்டுக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

ஓர் ஏக்கர் காட்டை எடுத்தால் வேறிடத்தில் ஓர் ஏக்கர் நட்டுக் கொடுத்துவிடுகிறார்களே, பிறகென்ன?
– வாசகர், சேலம்

1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி சமமான பரப்பில் காடல்லாத நிலம் தருவது வழக்கம். சில நேர்வுகளில் இருமடங்குப் பரப்பில் சீரழிந்த காடு. ஹெக்டேருக்கு 1,000 கன்று என்று கணக்கிடுவார்கள். பரப்பு சமமாகிவிடும், சரி. பொந்துள்ள கிழட்டு மரம், ஓடையின் தலைமாடு, யானையின் வழி இவற்றுக்குக் கன்று கிடையாது. அங்கே முன்பு அளந்த கட்டம் ஏதாவது இருந்தால் அதன் பதிவும் அன்றோடு முடிந்தது.

டாப்சிலிப்பில் வரிசையாக நிற்கும் தேக்கு தோட்டம்தானே, அதுவும் காடா?
– வாசகர், பொள்ளாச்சி

தோட்டம்தான். ஆனால் நட்ட ஆண்டு பதிவேட்டில் இருக்கும் தோட்டம். வயது தெரிந்த மரம் ஆராய்ச்சிக்குக் கிடைப்பது லேசல்ல. வெப்பப் பகுதி மரங்களில் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாகப் போடுபவை கொஞ்சம்; தேக்கு அவற்றில் ஒன்று. கோடையில் இலை கொட்டி நின்றுவிட்டு, மழைக்குத் தளிர்க்கும்போது பெரிய துளைகளோடு புது வளையம் தொடங்கும். நல்ல மழை ஆண்டில் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். தென்னிந்தியப் பருவமழையின் பழைய வரலாற்றைத் தேக்கு வளையங்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இடையில் மழை விட்டு மறுபடி பிடித்த ஆண்டுகளில் போலி வளையம் விழும். எனவே மரத்தைத் துளைத்து எடுக்கும் மெல்லிய மாதிரி ஒன்றோடு நிறுத்தாமல், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றும் பக்கத்து மரங்களிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். விழுந்த மரத்தை ஏலத்துக்கு அனுப்பும் முன் அடிப்பக்கம் ஒரு வட்டு அறுத்து வைக்கச் சொல்லிக் கேட்டால் மரத்தில் துளையிடவே வேண்டியதில்லை.

உண்ணிச்செடியை எத்தனை முறை வெட்டினாலும் வருகிறது. மஞ்சள் கொன்றை அதற்கு மேல். என்ன செய்வது?
– வாசகர், கூடலூர்

வெட்டுவதால்தான் வருகிறது. உண்ணிச்செடியின் துளிர்க்கும் பகுதி தண்டும் வேரும் சேருமிடம். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை அறுத்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். ஈர மண்ணில் வேர் பட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் கவிழ்ப்பது. காய் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். பறவை உட்காரும் மரங்களின் அடியில் அடுத்த மழைக்கு நாற்று கொத்தாக எழும், அங்கே மட்டும் தவறாமல் போய்ப் பிடுங்குங்கள். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல் விதைக்காவிட்டால் வேறொரு களை குடியேறும்.

மஞ்சள் கொன்றை (நம் சரக்கொன்றை அல்ல, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல் மரம்) பெருமரத்தை அறுத்தால் ஒன்றுக்குப் பத்துத் துளிர் வரும். மார்பு உயரத்திலிருந்து அடித்தூர் வரை பட்டையைச் சுற்றிலும் சுத்தமாக உரித்து, நின்றபடியே காயவிடும் முறை நன்றாகப் பலிக்கிறது. ஒரு விரல் அகலப் பட்டை விடுபட்டாலும் மரம் பிழைக்கும். தூரில் வரும் துளிரை மாதந்தோறும் தட்ட வேண்டும். கன்றுகளை மழைக்காலத்தில் வேரோடு பிடுங்கலாம். காகித ஆலைக்குக் கொடுத்து அகற்றும் திட்டமும் நடக்கிறது. அதில் தூரை யார் தோண்டுவது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்டை ஆராய்கிறவர்கள் பழங்குடியினரின் அறிவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களே?
– வாசகர், பாபநாசம்

அகத்தியமலையின் கேரளப் பக்கம் நடந்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1987-ல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் களைப்பு தீர ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அது ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் உரிமத்தைக் கோவை ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்து, அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தது. சட்டம் ஏதும் கட்டாயப்படுத்தாத காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் செடி வளரும் இடம் காப்புக்காடு. இலை பறிக்கவும் பயிரிடவும் வனத்துறை தடை சொன்னது. உரிமத்தில் பங்கு கிடைத்தவர்களால் மூலப்பொருளை விற்க முடியவில்லை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் கிராம சபையில் பேசி, என்ன கேட்கிறார், பிறகு என்ன செய்வார் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். கொடுக்காதவருக்கு வழிகாட்டப் போக வேண்டியதில்லை.

எங்கள் பட்டா நிலத்தை ஒட்டிய காப்புக்காட்டின் எல்லை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், அரூர்

முதலில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். 1882-ம் ஆண்டு வனச் சட்டத்தில் 4-ம் பிரிவு அறிவிப்பு என்றால் காப்புக்காடாக்கும் எண்ணம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, உரிமை விசாரணை முடியவில்லை. 16-ம் பிரிவு அறிவிப்பு வந்தால்தான் முழுக் காப்புக்காடு. 4-ம் பிரிவிலேயே பல பத்தாண்டு நிற்கும் நிலங்கள் உண்டு. விசாரணை நடக்கும் காலத்திலும் புதிதாகக் காட்டைத் திருத்த முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

அரசிதழ் அறிவிப்பில் எல்லை, கல்லிலிருந்து கல்லுக்குத் திசையும் தூரமுமாக எழுதியிருக்கும். நிலத்தில் அந்த இடங்களில் எண் பொறித்த கல்லோ, கல் குவியலோ இருக்கும். மாவட்ட வன அலுவலகத்தில் அறிவிப்பின் நகலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் புல எண்ணுக்கான அ-பதிவேடும் புலப்படமும் வாங்கி, இரண்டையும் வைத்து நில அளவரும் வனவரும் சேர்ந்து அளக்கக் கேட்டு மனுக் கொடுங்கள். ஒருவர் மட்டும் அளந்தால் மற்றவர் ஒப்புக்கொள்ளமாட்டார். கைப்பேசியில் எடுத்த புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டும், அதை வைத்து வேலி போடாதீர்கள். சாய்ந்து கிடக்கும் எல்லைக் கல்லைக் கண்டால் எண்ணைப் படம் எடுத்துக் கொடுங்கள். நல்லெண்ணத்தில்கூட நிமிர்த்தி நட வேண்டாம்.